மக்தூப் என்னும் சொல்

ஊர் கூடி உண்ட விருந்தில் ஒருவனுக்கு மட்டும் சுவை தென்படவில்லை என்றால், குற்றம் சமைத்தவர் கையிலா, உண்டவன் நாவிலா என்பது எளிதில் தீராத வழக்கு. அத்தகைய வழக்கொன்றில் வாதியாகவும் பிரதிவாதியாகவும் நாமே நிற்க நேர்ந்தது. வழக்குக்குக் காரணமான நூல், பிரேசில் நாட்டு எழுத்தாளர் பாவ்லோ கொய்லோ 1988ஆம் ஆண்டில் போர்த்துக்கீச மொழியில் வெளியிட்ட நாவல். ‘ரசவாதி’ என்ற பெயரில் அது தமிழிலும் கிடைக்கிறது. 80க்கு மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டு, இரயில் நிலையப் புத்தகக் கடை முதல் கல்லூரி விடுதி வரை கைமாறிக் கொண்டிருக்கும் நூல் அது. படித்தவர்களுள் பலர் அதனைத் தம் வாழ்வின் போக்கையே மாற்றிய நூல் என்று போற்றுகின்றனர். நாம் அதனை இருமுறை படித்தோம். இருமுறையும் ஏமாற்றமே எஞ்சியது.

அந்நூல் நம் கைக்கு வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். நம்மிடம் சில ஆண்டுகள் ஓதிய மாணவர் ஒருவர், குடும்ப நிலை காரணமாக ஓதலை நடுவில் நிறுத்திவிட்டு, வளைகுடா நாடொன்றில் கடைச் சிப்பந்தியாகச் சேர்ந்தார். விடுப்பில் ஊர் வந்தவர் அத்தர்ப் புட்டியும் பேரீச்சம் பழமும் கொண்டுவந்து தந்தார். அவற்றோடு, ஓரங்கள் நைந்த இந்நூலையும் நம் முன் வைத்தார். “ஹஜ்ரத், இதில் தான்ஜா வருகிறது, மிஸ்ரு வருகிறது, ஹஜ்ஜைப் பற்றிய பேச்சும் வருகிறது. நீங்கள் படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்” என்றார். வாசல் வரை சென்றவர் திரும்பி, “மூன்று வருஷம் என்னைத் தாங்கியது இதுதான், ஹஜ்ரத்” என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஒருவரை மூன்று ஆண்டுகள் தாங்கிய நூலை அலட்சியமாகப் புரட்டுவது அமானிதத்துக்கு மாறு என்று கருதி, இஷாவுக்குப் பின் விளக்கடியில் அமர்ந்து படிக்கலானோம்.

கதை சிறியது. நாம் அந்தலுஸ் என்று வழங்கும் ஸ்பெயினின் தென்பகுதியில் ஆடு மேய்க்கும் சாந்தியாகோ என்னும் இளைஞன், எகிப்தின் பிரமிடுகளின் அருகே புதையல் இருப்பதாக மீண்டும் மீண்டும் கனவு காண்கிறான். ஆடுகளை விற்றுவிட்டுக் கடல் கடந்து தான்ஜா நகருக்கு வருகிறான். வந்த நாளே கைப்பொருள் களவு போகிறது. கண்ணாடிப் பாத்திர வணிகர் ஒருவரின் கடையில் ஏறத்தாழ ஓராண்டு ஊழியம் செய்து பொருள் சேர்க்கிறான். பின்னர் ஒட்டகக் கூட்டத்தோடு பாலையைக் கடக்கிறான். ஃபய்யூம் சோலையில் ஃபாத்திமா என்னும் பெண்ணைக் காதலிக்கிறான். ரசவாதி ஒருவரைக் குருவாக அடைகிறான். இறுதியில் பிரமிடின் அடியில் மணலைத் தோண்டும்போது கள்வர் அவனை அடித்து, கையிலிருந்த பொன்னைப் பறிக்கின்றனர். அவர்களின் தலைவன், கனவை நம்பி இவ்வளவு தூரம் வந்த மூடன் என்று அவனை எள்ளி, தனக்கும் ஒரு கனவு வந்ததுண்டு என்கிறான். ஸ்பெயினில் இடிந்த கோயில் ஒன்றில், மரத்தின் அடியில் புதையல் இருப்பதாக வந்த கனவு அது. இளைஞன் சிரிக்கிறான். அவன் ஆடுகளோடு படுத்துறங்கிய இடம் அதுதான். திரும்பி வந்து தோண்டுகிறான். பொற்காசுப் பெட்டி கிடைக்கிறது.

இவ்விடத்தில் நமக்கு ஏற்பட்டது முதலில் ஏமாற்றமன்று. பழைய நண்பரை அயலூர்ச் சந்தையில் கண்ட மகிழ்ச்சி. இக்கதை நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 384இல், அதாவது 994இல் மறைந்த காழி தனூகி அவர்கள் தொகுத்த ‘அல்ஃபரஜு பஅதஷ் ஷித்தா’ என்னும் நூலில் இது உண்டு. ‘ஆயிரத்தோர் இரவு’களில் உண்டு. மௌலானா ரூமி (ரஹ்) அவர்கள் மஸ்னவியின் ஆறாம் தஃப்தரில் இதனை விரித்துப் பாடியுள்ளார்கள். அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1935ஆம் ஆண்டில் ஸ்பானிய மொழியில் இதனைச் சுருக்கி எழுதியதும் இலக்கியம் அறிந்தோர் அறிந்ததே. ஆக, பக்தாதில் பிறந்த கதை பல கடல் கடந்து பிரேசில் சென்று, அங்கிருந்து நம் மாணவரின் கைப்பெட்டிக்குள் புகுந்து, மீண்டும் ஒரு மத்ரஸாவின் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கதைகளின் பயணத்தில் குற்றம் காண நமக்கு எண்ணமில்லை. பழைய பொன்னைப் புதிய நகையாக்குவது எந்தக் கவிஞருக்கும் உரிய உரிமை. ஆனால் உருக்கும்போது பொன் குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் உரிமை, அணிபவனுக்கும் உண்டு.

பழைய கதையின் பக்தாத்வாசி யார்? தந்தை விட்டுச் சென்ற பெருஞ்செல்வத்தைத் தன் கையாலேயே அழித்தவன். வறுமை கழுத்தை இறுக்கிய பின்னரே அவன் இறைவனை நோக்கி அழுகிறான். மிஸ்ருக்குப் போ என்று கனவில் சொல்லப்படுகிறது. அங்கே சென்றும் கையில் காசில்லை. ரூமியின் பாடலில் அவன் பகலில் பிச்சை கேட்க நாணி, இரவின் இருளில் கை நீட்டப் புறப்பட்டு, காவலனிடம் அகப்பட்டு அடிபடுகிறான். அடித்த காவலனே கேலியாகத் தன் கனவைச் சொல்ல, தன் வீட்டு முகவரியையே அதில் கேட்கிறான் அந்த ஏழை. அவன் அடைந்த செல்வம் அவன் திறமையால் வந்ததன்று; தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதை அறியாத ஒருவனின் ஏளனத்தின் வழியாக வந்தது. இதனால்தான் தனூகி இதனை ‘ஃபரஜ்’ என்ற தலைப்பின்கீழ் வைத்தார்கள். ஃபரஜ் என்பது இறுக்கத்திலிருந்து கிடைக்கும் விடுவிப்பு. விடுவிப்பது விடுவிப்பவன் கையில் இருக்கிறது. அதனை உரிமையாகக் கேட்டு வாங்க இயலாது.

நாவலில் நிகழ்ச்சிகள் யாவும் அப்படியே உள்ளன, பொருள்தான் தலைகீழாகிவிட்டது. இங்கே இளைஞன் எதையும் அழித்தவனல்லன், எதற்கும் அழவேண்டியவனுமல்லன். அவனுக்கு ஒரு விருப்பம் இருக்கிறது. ஒருவன் ஒன்றை உள்ளத்தின் ஆழத்திலிருந்து விரும்பினால் அகிலம் முழுவதும் திரண்டு அவனுக்குத் துணை செய்கிறது என்பது இந்நாவல் பல வாய்களின் வழியே திரும்பத் திரும்பப் போதிக்கும் பாடம். அந்தப் பாடத்துக்கு ஏற்பவே சம்பவங்களும் நடக்கின்றன. இளைஞனின் பொருள் மூன்று முறை பறிபோகிறது. மூன்று முறையும் அதற்கு மேலாகவே கிடைக்கிறது. முதல் முறை அஞ்சினோம். இரண்டாம் முறை காத்திருந்தோம். மூன்றாம் முறை, எப்போது திரும்பி வரும் என்று பக்கத்தை எண்ணினோம். இழப்பு இழப்பாக இல்லாத கதையில், கிடைத்ததும் கிடைத்ததாக மனத்தில் நிற்பதில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். நாவலை அகீதா நூலைப் போல் வைத்து விசாரிப்பது முறையா? மல்லிகையைத் தராசில் நிறுக்கும் வேலையல்லவா இது? முறையன்று என்றே நாமும் சொல்வோம், நாவலாசிரியர் கதையை மட்டும் சொல்லியிருந்தால். அவரோ கதையை அடிக்கடி நிறுத்திவைத்துப் பாடம் நடத்துகிறார். பாடம் நடத்துபவரிடம் கேள்வி கேட்பது மாணவரின் கடமை. முப்பதாண்டுகள் பாடம் நடத்திக் கேள்விகளுக்கு ஆளான நமக்கு இவ்விஷயத்தில் கருணை சற்றுக் குறைவு.

எனினும், முதல் வாசிப்பை முடித்தபோது நூலைவிட நம் நெஞ்சின் மீதே ஐயம் கொண்டோம். கோடிக்கணக்கானோர் விரும்புவதை வெறுப்பதில் ஓர் இரகசிய இன்பம் இருக்கிறது. கூட்டத்திலிருந்து விலகி நிற்பவன் தான் உயர்ந்து நிற்பதாக எண்ணிக்கொள்கிறான். பெருமை என்பது சத்தியத்தை மறுப்பதும் மனிதரை இழிவாகக் கருதுவதுமே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதை எத்தனையோ முறை மாணவர்க்கு ஓதிக் கொடுத்திருக்கிறோம். நூலைக் குறை கூறுவது ஒன்று; அதனை நேசிப்பவரை அறிவிலியாக எண்ணுவது வேறொன்று. முதலாவது திறனாய்வு, இரண்டாவது நோய். மறுபுறம், பலரும் விரும்புவது என்பதாலேயே ஒன்று நன்றாகிவிடாது. இஜ்மா என்பது முஜ்தஹிதுகளின் ஒருமித்த முடிவு. வாசகர்களின் ஒருமித்த ரசனைக்கு அப்பெயரை எந்த உஸூல் நூலும் வழங்கவில்லை. ஆகவே நம் நெஞ்சுக்கு ஒரு தண்டனையாக, நூலை முதலிலிருந்து மீண்டும் படித்தோம். இம்முறை குறை தேடாமல், நம் மாணவரை எது தாங்கியது என்று தேடிக்கொண்டு.

அந்தத் தேடலில் அகப்பட்டதே கண்ணாடிக் கடை. நாவலின் சிறந்த பக்கங்கள் அவை என்பதில் நமக்கு ஐயமில்லை. மலைச்சரிவில், வாடிக்கையாளர் குறைந்துபோன தெருவில், தூசி படிந்த பாத்திரங்களுக்கு நடுவே முப்பதாண்டுகளாக அமர்ந்திருக்கும் வணிகர் அவர். இஸ்லாத்தின் கடமைகளுள் தமக்கு எஞ்சியிருப்பது ஹஜ்ஜு மட்டுமே என்கிறார். பொருள் சேர்ந்தும் புறப்பட மறுக்கிறார். மக்காவைப் பற்றிய எண்ணமே தம்மை உயிரோடு வைத்திருப்பதாகவும், அது நிறைவேறிவிட்டால் அதன்பின் வாழ்வதற்குக் காரணம் இராது என்றும் அஞ்சுகிறார்.

இந்த மனிதரை நாம் அறிவோம். வசதியிருந்தும் ஹஜ்ஜை ஆண்டுதோறும் ஒத்திப்போடுவோர் நம் ஊர்களில் இல்லாமலில்லை. மகள் திருமணம், மனை விற்பனை, முழங்கால் வலி என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் வேறு. ஷாஃபிஈ மத்ஹபின்படி, உறுதியான நிய்யத்தோடு கடமையைப் பிற்படுத்துவதற்கு இடமுண்டு. பிற இமாம்களுள் பலர் வசதி வந்தவுடன் புறப்பட வேண்டும் என்பர். ஆனால் நிறைவேறிவிடுமோ என்ற அச்சத்தால் கடமையைத் தள்ளிவைப்பவனுக்குரிய தீர்ப்பை எந்த ஃபிக்ஹு நூலின் எந்த அத்தியாயத்தில் தேடுவது? நாவலாசிரியர் இங்கே ஒரு மெய்யான மனிதனைக் கண்டுவிட்டார். அவரோடு அந்தக் கடையிலேயே தங்கியிருந்தால் இது பெரிய நாவலாகியிருக்கும். ஆனால் அவருக்கு அவசரம். கனவைத் துரத்தாதவனுக்கு நேரும் கதி என்ற உதாரணமாக வணிகரை நிறுத்திவிட்டு, இளைஞனை ஒட்டகத்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஹஜ்ஜும் புதையலும் இந்நூலில் ஒரே வரிசையில், இருவரின் இரு கனவுகளாக வைக்கப்பட்டுள்ளன. ஹாஜி சொல்லும் தல்பியா ஓர் அழைப்புக்கான மறுமொழி. அழைத்தவன் வேறு, போகிறவன் மறுமொழி கூறுகிறவன் மட்டுமே. புதையலை நோக்கிப் புறப்பட்டவனை யாரும் அழைக்கவில்லை. அவன் ஆசை அழைத்தது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பவர், வணிகரின் துயரத்தின் ஆழத்தை அறிய வாய்ப்பில்லை.

சிறு குறைகளை நாம் பெரிதுபடுத்தவில்லை. தான்ஜாவில் இறங்கிய இளைஞன் பாங்கொலியையும் தொழுகையையும் கண்டு அருவருப்பது அவனுடைய அறியாமை. ஆசிரியர் அதனை அறியாமையாகவே காட்டுகிறார். சிலர் இதற்காகவே நூலை வெறுப்பதுண்டு, அது நியாயமன்று. ஃபாத்திமாவின் நிலைதான் வேறு. பாலைவனப் பெண்கள் காத்திருக்கப் பிறந்தவர்கள் என்று அவளைப் பேசவைத்து, காற்றை நோக்கி நிற்கவைத்துவிடுகிறார் ஆசிரியர். கணவர் கப்பலேறியும் விமானமேறியும் பொருள் தேடப் போக, கடற்கரை ஊர்களில் காத்திருந்த நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால், காத்திருத்தல் என்பது மளிகைக் கணக்கும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், மாமியாரின் மருந்துச் சீட்டும் என்பார்கள். காற்றுக்கு அவர்களுக்கு நேரமிருந்ததில்லை.

இனி, ரசவாதம். பொன் செய்யும் கலை பொய் என்பதை இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் 1377ஆம் ஆண்டிலேயே வாதிட்டு மறுத்திருக்கிறார். அது பற்றி நாவலாசிரியரோடு வழக்கில்லை. அவரும் அதனை உருவகமாகவே கொள்கிறார். ஆனால் உருவகத்தை நம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் கையாண்டிருக்கிறார்கள். ‘கீமியாயே ஸஆதத்’ என்ற பாரசீக நூலின் பெயரே அதுதான். அங்கே உருகவேண்டிய செம்பு மனிதனின் நஃப்ஸ். அதன் ஆசைகள் நெருப்பில் இடப்பட வேண்டியவை. நாவலிலோ நெருப்பில் இடப்படுவது உலகம். ஆசை மட்டும் தொடக்கத்தில் இருந்தபடியே கடைசிப் பக்கம் வரை பத்திரமாக இருக்கிறது. செம்பு செம்பாகவே வீடு திரும்பி, பொன் பெட்டியைத் திறக்கிறது.

நம்மை மிகவும் வருத்தியது ‘மக்தூப்’ என்ற சொல்லுக்கு இந்நூலில் நேர்ந்த கதி. ‘எழுதப்பட்டது’ என்பது அதன் பொருள். கடிதத்துக்கும் அச்சொல் வழங்கும். இமாம் ரப்பானி அவர்களின் கடிதத் தொகுப்பை ‘மக்தூபாத்’ என்கிறோம். நாவலில் வணிகர் இதைச் சொல்கிறார், ஃபாத்திமா சொல்கிறாள், ஒட்டகமோட்டி சொல்கிறான். நாமும் சொல்கிறோம், அரபியில் அல்லாவிட்டாலும் நஸீபு என்றும், கத்ரு என்றும், நல்ல தமிழில் எழுத்து என்றும். ஆனால் எப்போது சொல்கிறோம்? ஜனாஸா வெளியேறிய வீட்டின் திண்ணையில் சொல்கிறோம். கடை தீப்பற்றியவரின் தோளில் கைவைத்துச் சொல்கிறோம். நடந்து முடிந்ததன் முன் நிற்பவனுக்கு உரிய சொல் அது. நாவல் அதனை நடக்கவிருப்பதன் மீது எழுதிக் கொடுக்கும் வாக்குறுதிச் சீட்டாக்கிவிட்டது. காதல் கைகூடும், மக்தூப். புதையல் கிடைக்கும், மக்தூப்.

சர்ஃபு படித்த சிறுவனும் அறிவான், மக்தூப் என்பது செயப்பாட்டுச் சொல். எழுதியவன் யார் என்பது அதில் கூறப்படவில்லை. வினைமுதலை மறைப்பதற்கு நஹ்வு அறிஞர் பல காரணங்கள் கூறுவர். அது யாவர்க்கும் தெரிந்ததாக இருத்தலும், பெயர் சொல்லாமை மரியாதையாக இருத்தலும் அவற்றுள் சில. நாவலில் அந்த வெற்றிடத்தில் வேறொருவர் வந்து அமர்ந்துகொள்கிறார். விரும்புகிறவனே எழுதுகிறவனாகிவிடுகிறான். இலக்கணத்தில் நேர்ந்தால் மாணவனைத் திருத்தும் பிழை இது.

இவ்வளவையும் ஒழுங்குபடுத்தி, அந்த மாணவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தோம். தான் நேசிக்கும் நூலை ஒருவர் அன்போடு நீட்டும்போது, பிடிக்கவில்லை என்பது உண்மையாயினும் சொல்லத்தான் வேண்டுமா? கேட்டவனுக்கு நலம் நாடுவது நஸீஹத். கேட்டவனின் ஊன்றுகோலை ஆராய்ச்சி என்ற பெயரால் ஒடிப்பது நஸீஹத்தா? இந்தத் தயக்கத்தில் இரு வாரங்கள் கழிந்தன.

விடுப்பு முடிவதற்கு நான்கு நாள் இருக்கையில் அஸருக்குப் பின் அவரே வந்தார். நூலைப் பற்றி உடனே கேட்கவில்லை. சென்ற ஆண்டு அவருடைய உம்மா மறைந்ததை நாம் அறிவோம். ஜனாஸாத் தொழுகையில் நாமும் நின்றோம். அவர் அப்போது வரமுடியவில்லை. அதைத்தான் பேசினார். நோய் என்று தெரிந்த நாள் முதல் நாற்பது நாள் தஹஜ்ஜுதில் அழுததையும், விடுப்புக்கு அலைந்ததையும், கைப்பேசியில் மையித்தின் முகத்தை ஒருவர் காட்ட, கடையின் சரக்கறையில் நின்றுகொண்டு பார்த்ததையும் சொன்னார். பிறகு கேட்டார்: “உள்ளத்தின் ஆழத்திலிருந்து விரும்பினால் கிடைக்கும் என்று இதில் இருக்கிறதே, ஹஜ்ரத். உம்மா பிழைக்க வேண்டும் என்று நான் விரும்பியது போதவில்லையா?”

நாவலின் மீது நாம் எழுதி வைத்திருந்த ஆட்சேபங்கள் அனைத்தும் அந்த ஒரு கேள்வியின் முன் சிறியனவாகிவிட்டன. ஏனெனில் அந்தப் பாடத்தின் மறுபக்கம் அதுவே. விரும்பியவனுக்கெல்லாம் கிடைக்கும் என்றால், கிடைக்காதவன் விரும்பாதவன் என்றாகிறது. வென்றவனுக்கு மாலை சூட்டும் அதே கை, இழந்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. ஆசிரியர் இதை எண்ணியிருக்கமாட்டார். அவருடைய கதையில் இழந்தவர் யாருமில்லையே.

நாம் அவருக்கு முதலில் சொன்னது தான்ஜாவைப் பற்றி. “தம்பி, அந்த ஊரிலிருந்து மெய்யாகவே ஒருவர் புறப்பட்டார். 1304இல் பிறந்து, 21 வயதில், 1325ஆம் ஆண்டில் ஹஜ்ஜை நாடித் தனியே கிளம்பிய இப்னு பதூதா. பெற்றோர் உயிரோடிருந்தனர், பிரிவு இரு தரப்பிலும் வலித்தது. சீனம் வரை போனார் என்பார்கள். நம் மஅபர்க் கரைக்கும் வந்தார், மதுரையையும் கண்டார். 1349இல் ஊரை நெருங்கும்போது தாஸா என்ற இடத்தில், தாய் கொள்ளை நோயில் இறந்துவிட்ட செய்தி கிடைத்தது. தந்தையின் மரணச் செய்தியை அதற்கு முன்பே திமிஷ்கில் கேட்டிருந்தார். தான்ஜாவுக்குச் சென்று தாயின் கப்ரை ஸியாரத் செய்தார். ரிஹ்லாவில் அதற்கு இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் இல்லை. அவர் தாயைக் காண விரும்பவில்லை என்று நீ சொல்வாயா?” மாணவர் தலையசைத்தார், சொல்லமாட்டேன் என்ற அசைவு அது.

பின்னர் விருப்பத்தின் வலிமையைப் பற்றிப் பேசினோம். அபூதாலிப் அவர்கள் நேர்வழி பெற வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைவிட ஆழமாக விரும்பியவர் யார்? அது கிடைக்கவில்லை, நீர் நேசிப்பவரை நீர் நேர்வழியில் செலுத்திவிட இயலாது என்ற கருத்துடைய சூரத்துல் கஸஸின் 56ஆம் வசனம் அது குறித்தே இறங்கியது என்பர் விரிவுரையாளர். யஅகூப் (அலை) அவர்கள் கண் வெளுக்கும் வரை அழுதார்கள். கிடைத்தது, ஆனால் காலம் அவர்கள் கையில் இருக்கவில்லை. தேவைக்கு ஏற்ற முயற்சி வேண்டாமென்று மார்க்கம் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி ஏவப்பட்டிருக்கிறோம். கட்டுவது நம் வேலை. கயிறு அறாமலிருப்பது நம் வேலையன்று. அலெக்சாந்திரியாவின் இப்னு அதாயில்லாஹ் (ரஹ்) அவர்கள் தம் ஹிகமின் தொடக்கத்திலேயே, எவ்வளவு முந்திப் பாயும் மனவுறுதியாயினும் விதியின் மதிலைத் துளைக்காது என்ற கருத்தை வைத்திருக்கிறார்கள். அவர்கள் 1309இல் மறைந்தது காஹிராவில். புதையல் தேடி இளைஞன் போன அதே மண்.

இறுதியாகச் சொன்னது கிரகணத்தை. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நாயகம் (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம், இரண்டு வயதும் நிரம்பாத நிலையில், மதீனாவில் மறைந்தார்கள். அன்று சூரியன் கிரகணம் பற்றியது. வானியல் கணக்கர் அந்நாளை 632 சனவரி 27 என்பர். குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் ஒளியிழந்தது என்று மக்கள் பேசிக்கொண்டனர். ஒரு தந்தையின் துயரத்துக்கு அகிலமே திரண்டு வந்து துக்கம் கேட்டதாக நம்புவதற்கு அதைவிட ஏற்ற நாள் வேறில்லை. அந்தத் தந்தை நபியாகவும் இருந்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? தொழவைத்தார்கள். பிறகு, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் இரண்டு. எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் அவை கிரகணம் பற்றுவதில்லை என்ற கருத்தை மக்களுக்கு எடுத்துரைத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. குழந்தைக்காகக் கண்ணீர் வடித்த அதே கண்களுடன், கிடைக்கவிருந்த அந்த ஆறுதலை வேண்டாமென்று விலக்கினார்கள். நாவலின் உச்சத்தில் இளைஞன் சூரியனோடு பேசுகிறான், காற்றாகவே மாறிவிடுகிறான். மதீனாவில் சூரியன் யாரோடும் பேசவில்லை.

மாணவர் நெடுநேரம் பேசாதிருந்தார். மஃரிபுக்கு இன்னும் சிறிது நேரம் இருந்தது. “அப்படியானால் என் மேல் குறையில்லையா, ஹஜ்ரத்?” என்றார். “உன் உம்மாவின் நோயை உன் விருப்பத்தின் தராசில் வைத்தவர் யார், தம்பி? நீ கேட்ட துஆ எங்கே போயிற்று என்பதை நீ அறியமாட்டாய். கேட்டது கிடைப்பதும், வேறொரு தீங்கு விலகுவதும், மறுமைக்குச் சேமிக்கப்படுவதும் என மூன்று வழிகளை நபிமொழி காட்டியிருக்கிறது. எதுவென்று சொல்லும் தகுதி எனக்கில்லை” என்றோம். அவர் அழுதார். நாமும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

எழும்போது, “கதை உங்களுக்குப் பிடித்ததா என்று சொல்லவே இல்லையே” என்றார். இனி மறைப்பதில் பொருளில்லை. பிடிக்கவில்லை என்றோம், கண்ணாடிக் கடை மட்டும் பிடித்தது என்றோம். அவர் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. “எனக்கும் அதுதான், ஹஜ்ரத். புதையலையெல்லாம் நான் திரும்பப் படித்ததில்லை. இரவு பன்னிரண்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு அறைக்கு வந்தால், அவன் பாத்திரம் துடைக்கிற பக்கம் மட்டும் படிப்பேன். தூசி துடைக்கிறவனைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறாரே என்று இருக்கும்.”

நாம் இருமுறை படித்தும் காணாத ஒன்றை அவர் மூன்று ஆண்டுகளில் கண்டிருந்தார். நூலைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்க மறுத்து, மத்ரஸா நூலகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கூறிப் புறப்பட்டார். தனூகியின் நூலுக்கும் மஸ்னவிக்கும் நடுவே அதனை வைத்தோம். இதற்குள் மூன்று மாணவர்கள் இரவல் பெற்றுப் படித்துவிட்டனர். மூவரும் மிக அருமை என்கின்றனர்.